கேள்வி – பதில்: நகரத் திட்டமிடல் என்றால் என்ன வேலை?

நகரத் திட்டமிடலைத் தொழிலாக எடுக்க விரும்புகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். வந்த கடிதங்களில் பாதி தொழில் பற்றியவை. மற்றப் பாதி, வீட்டுக்குள் வெள்ளம் வருவது பற்றியவை. எனக்கு இரண்டும் ஒரே விஷயம்தான் என்பதால் கலந்தே பதில் எழுதுகிறேன். நான் அரச திணைக்களம் ஒன்றில் திட்டமிடலாளராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆட்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அன்ரி, நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. புவியியல், பொருளியல், தமிழ் படிக்கிறேன். நகரக் கொள்கை, நிலைபேறான நகர அபிவிருத்தி என்று வாசித்ததில் இருந்து அந்தத் துறைக்குப் போக ஆசை. ரியூசனில் சொன்னால் சிரிக்கிறார்கள். அதெல்லாம் கணிதப்பிரிவுப் பெடியளுக்கு என்கிறார்கள். உண்மையா?
– உயர்தர மாணவி, கோண்டாவில்

பதில்: உண்மை இல்லை, பிள்ளை. இந்தத் துறையை நிமிர்த்தி வைத்தவர்களில் ஒருவரான பற்றிக் கெடிஸ் உயிரியலாளர். 1914இல் இந்தியாவுக்கு வந்து சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்ட அறிக்கை எழுதினார். நெரிசலான பகுதி என்றால் மொத்தமாக இடித்துவிட்டு நேர் றோட்டுப் போடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். கெடிஸ் அதை எதிர்த்தார். முதலில் ஒழுங்கை ஒழுங்கையாக நட, எந்தச் சுவரை மட்டும் எடுத்தால் காற்று வரும், எந்தக் குளத்தை, எந்த மரத்தடியை விட்டுவைக்கலாம் என்று பார், அதற்குப் பிறகு கோடு கீறு என்பது அவர் வழி. அதற்குக் கண்ணும் காலும் வேண்டும். இணைந்த கணிதம் வேண்டாம்.

இனி, படிக்கிற வழி. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. நாலு வருடப் பட்டம், ஆங்கிலத்தில் நடக்கும். அது கணிதப்பிரிவுக்கு மட்டும் உரியதல்ல. எந்தப் பாடங்கள் பொருந்தும், சாதாரணதரத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் இருக்கும். அதை நீயே வாங்கி, வரி விடாமல் வாசி. ரியூசன் வாசலில் கதைக்கிறதை நம்பி விண்ணப்பம் போடாமல் விட்ட பிள்ளைகள் நிறையப் பேர்.

இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) இடம் கொடுக்காவிட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புப் படி. நான் வந்த வழி அது. பிறகு மொறட்டுவையில் திட்டமிடலில் பட்டப்பின் படிப்புச் செய்யலாம். புலமைப்பரிசில் கிடைத்தால் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், அகமதாபாத் செப்ட், தாய்லாந்தின் ஆசிய தொழில்நுட்ப நிறுவனம் எல்லாம் நல்ல இடங்கள்.

ஆனால் நிலைபேறான நகரம் என்றால் யாழ்ப்பாணத்தில் என்ன என்று உனக்கு விளங்கிவிட்டதா? சோலார் பனலும் சைக்கிள் பாதையும் படத்தில் வடிவாக இருக்கும். இங்கே விஷயம் தண்ணீரில் தொடங்குகிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மாரியில் ஓடும் வழுக்கையாறு இருக்கிறது, அவ்வளவுதான். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கும் நிலத்தடி நீரை நம்பித்தான். அந்த நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சொல்லியிருப்பார்கள். சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மேலே விடுவதெல்லாம் கெதியாகக் கீழே போய்விடும். தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வந்து சேரும்.

ஒரு கணக்குப் பார். ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச், ஏறத்தாழ 250 சதுர மீற்றர். சதுரக் காணியாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர் வரும். அதற்குள் வீடு, கிணறு, மலக்குழி மூன்றும் நிற்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரரும் அதையேதான் செய்வார். நாலு பரப்பை நாலு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தகப்பன் நியாயமாகத்தான் பிரிக்கிறார். ஆனால் அந்த ஒழுங்கையின் கிணறுகள் கெடத் தொடங்குவதும் அந்தக் காணி உறுதிப் பத்திரம் எழுதிய நாளில்தான். திட்டமிடலாளர் இதில் என்ன செய்வது? காணி பிரிப்பதைத் தடுப்பதா? குழாய்த் தண்ணீர் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதா? ஒழுங்கைக்கு ஒரு பொதுத் தொட்டி கட்டுவதா, கட்டினால் யாருடைய காணியில், யார் அதை அள்ளிச் சுத்தம் செய்வது, காசு யார் கட்டுவது? நகரக் கொள்கை என்று நீ வாசித்தது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனி. உன் கோண்டாவில் மாநகர சபைக்குள் இல்லை. திருநெல்வேலியும் இல்லை. பல்கலைக்கழகம் நிற்கும் இடமே நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லைக்குள். 1981 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாநகரில் சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் சுமார் 88 ஆயிரம். பட்டினம் சுருங்கிவிட்டது என்று அந்த எண் சொல்லும். பின்னேரம் பலாலி வீதியால் சைக்கிளில் வந்து பார்த்தால் திருநெல்வேலிச் சந்தி வேறு கதை சொல்லும். பட்டினம் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது, அதிகாரம் பழைய எல்லைக்குள் நிற்கிறது. புவியியலும் பொருளியலும் படிக்கிற பிள்ளைக்கு இது எட்டாத விஷயமா?

இப்போதே செய்யக்கூடியது: கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளைக் கணினியில் போட்டுப் பழகு. மாரியில் உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்து எங்கே தேங்குகிறது என்று குறித்து ஒரு வரைபடம் செய். சிங்களம் படி. கொழும்புக் கூட்டத்தில் இடைவேளைத் தேநீரின்போது சிங்களத்தில் கதைக்கிறவர்கள்தான் பாதி முடிவை எடுக்கிறார்கள். நேர்முகத்துக்கு ஆங்கிலம் போதும், அந்தத் தேநீர் மேசைக்குப் போதாது.

கேள்வி: தொழில் பற்றியது அல்ல, மன்னிக்கவும். எங்கள் தெருவுக்குக் கொங்கிறீற் போட்டபின் றோட்டு வீட்டு முற்றத்தைவிட உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு மாரியும் தண்ணீர் உள்ளே வருகிறது. யாரிடம் போனாலும் இது எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?
– குடும்பத் தலைவர், பொம்மைவெளி

பதில்: மன்னிப்பு எதற்கு, ஐயா. இந்தப் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான கேள்வி இல்லை.

முதலில் அந்த றோட்டு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்கு. மிச்சம் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. வாய்க்கால் ஒருவருடையது, அது போய் விழும் குளம் இன்னொருவருடையது, நடுவில் இருக்கும் வயல் என்றால் கமநல சேவைக்காரரும் வருவார்கள். இது எங்கள் வேலை இல்லை என்று அவர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. அவரவர் துண்டுக்கு மட்டும் அவரவர் பொறுப்பு. தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

ஆகவே வாயால் சொல்லாமல் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. உங்களுக்குப் பொறுப்பான நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். இந்த வீதிக்கு மதிப்பீடு செய்தபோது வடிகால் சேர்க்கப்பட்டதா, சேர்த்திருந்தால் அது எங்கே போய் முடிகிறது, வரைபடத்தின் பிரதி தாருங்கள் என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. எனக்கு இப்படி எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். நடவடிக்கை கேட்டால் பதில் வராது. வரைபடம் கேட்டால் வரும், அல்லது வரைபடம் இல்லை என்ற பதில் வரும். அந்தப் பதில் இன்னும் பெறுமதியானது. தெருவில் பத்துக் குடும்பம் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு சபை உறுப்பினரிடம் போகலாம்.

ஒரு விஷயத்தை நீங்களும் பொறுக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வளவுகளுக்குக் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இருந்தன. மழைத்தண்ணீர் வேலிக்குக் கீழால் ஒரு வளவில் இருந்து மற்ற வளவுக்குப் போய், பள்ளத்துக்குப் போய், குளத்தில் விழுந்தது. இப்போது எல்லாருக்கும் மதில். அத்திவாரமே இரண்டடி. உங்களுக்குப் பின்பக்கத்தில் கட்டியிருக்கும் மதிலையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். றோட்டு மட்டும் காரணமாக இருக்காது. மதிலின் அடியில் ஒரு குழாய் வைக்கப் பக்கத்து வீட்டார் சம்மதித்தால் அரைவாசித் தண்ணீர் இறங்கிவிடும். அந்தச் சம்மதத்தை வாங்குவதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

கேள்வி: என் மகனுக்கு மொறட்டுவையில் நகரத் திட்டமிடல் கிடைத்திருக்கிறது. இன்னொருமுறை சோதனை எடுத்தால் இஞ்சினியரிங் கிடைக்கும் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா?
– ஒரு தாய், சண்டிலிப்பாய்

பதில்: மகன் என்ன சொல்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, அக்கா. அதை முதலில் கேளுங்கள். அவனுக்கு விருப்பம் என்றால் ஒரு வருடத்தை மறு சோதனைக்குக் கொடுக்காதீர்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்காது. நகர அபிவிருத்தி அதிகார சபை 1978இல் தொடங்கியது, அதற்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. தேசிய பௌதிகத் திட்டமிடல் திணைக்களம் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. இவை இரண்டும்தான் படித்த படிப்புக்கு நேரான அரச வேலைகள். வெற்றிடம் வரும்போது வரும், வராதபோது வருடக்கணக்கில் வராது. இலங்கைத் திட்டமிடல் சேவை என்று ஒரு போட்டிப் பரீட்சை இருக்கிறது. அதில் தேறினால் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் என்று போகலாம். அங்கே நடப்பது பெரும்பாலும் அபிவிருத்தி நிதியைத் திட்டங்களுக்குப் பங்கிட்டு, முன்னேற்ற அறிக்கை எழுதுவது. பட்டினத்தை வரைபடத்தில் வைத்து யோசிக்கும் வேலை வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் மாறிப் போய் விழுகிறார்கள்.

மூன்றாவது, கருத்திட்ட வேலைகள். உலக வங்கிக் கடனில் கண்டியிலும் காலியிலும் தொடங்கிய மூலோபாய நகரங்கள் திட்டத்துக்குள் யாழ்ப்பாணமும் பின்னர் சேர்ந்தது. இப்படி ஒன்று வரும்போது வீதி, வடிகால், குளம், பழைய கட்டடம் என்று பல வேலை வரும், சம்பளமும் நல்லாக இருக்கும். திட்டம் முடிகிற அன்று வேலையும் முடியும். இளம் வயதில் இரண்டு மூன்று வருடம் இதில் இருந்தால் பத்து வருட அனுபவம் கிடைக்கும். கலியாணம் கட்டி வீட்டுக் கடன் எடுத்தபின் இது தலையிடி.

கலியாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. தரகரிடம் சொல்லும்போது இஞ்சினியர் மாதிரி என்று சொல்லாதீர்கள், அக்கா. பிறகு மாப்பிள்ளைதான் விளக்கம் சொல்லித் திரிய வேண்டும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தை ஒரு சிங்கப்பூர் ஆக்க எத்தனை வருடம் வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்

பதில்: மாஸ்டர், நீங்கள் என்னைச் சண்டைக்கு இழுக்கிறீர்கள்.

சிங்கப்பூர் 1960இல் வீடமைப்புச் சபையைத் தொடங்கியது. 1966இல் காணி எடுக்கும் சட்டத்தைக் கடுமையாக்கியது. இன்று அங்கே நிலத்தில் பெரும்பங்கு அரசுடையது, ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு மக்கள் அந்தச் சபை கட்டிய மாடி வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் மானிப்பாய் வளவில் றோட்டுக்கு ஒரு முழம் கேட்டு ஒரு சபை வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

எங்களிடமே இருப்பதைப் பார்க்கலாமே. ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கிறது. கோயிலைச் சுற்றி வாகனம் கிடையாது. பருத்தித்துறை வீதியால் வருகிறவர்கள் சுற்றிப் போகிறார்கள். வாகனம் விடும் இடம், தண்ணீர்ப் பந்தல், மலசலகூடம், கடைக்கு இடம், குப்பை அள்ளுவது எல்லாவற்றையும் கோயிலும் மாநகர சபையும் பொலிசும் முன்கூட்டியே கூடிப் பேசி வைக்கின்றன. இலட்சக்கணக்கான சனம் வெறுங்காலோடு நடக்கிறது. ஐரோப்பாவில் இதையே செய்தால் வாகனமற்ற வலயம் என்று பெயர் வைத்து மாநாடு நடத்துவார்கள். இருபத்தாறாம் நாள் கஸ்தூரியார் வீதியில் பத்து மீற்றருக்கு வாகனம் நிறுத்தக்கூடாது என்று சொன்னால் மட்டும் ஏன் ஊர் கொதிக்கிறது? கோயில் என்பதால் கேட்கிறார்கள் என்பது பாதிப் பதில்தான். எல்லாரையும் முதலே கூப்பிட்டுக் கேட்கிறார்கள் என்பது மற்றப் பாதி. இதை ஆராய்ந்து எழுதுகிற மாணவர் யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் போடவும்.

கேள்வி: நான் கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் சிவில் படிக்கிறேன். வடிகால் வடிவமைக்கத் தெரியும். கொள்கை என்பது அரசியல்வாதி செய்வது என்று நினைக்கிறேன். பொறியியலாளருக்கு அதில் என்ன வேலை?
– மூன்றாம் ஆண்டு மாணவன், அறிவியல் நகர்

பதில்: தம்பி, உங்கள் பீடத்தில் இருந்து இரணைமடு எவ்வளவு தூரம்? அந்தக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவர ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் ஒரு திட்டம் வந்தது. பொறியியலில் பிழை இல்லை. கிளிநொச்சி விவசாயிகள், எங்கள் வயலுக்கே காணாது என்றார்கள். அவர்களைத் தண்ணீர் தராத கல்நெஞ்சர் என்று இங்கே சிலர் பேசினார்கள். அது நியாயமில்லாத பேச்சு, சிறுபோகம் பொய்த்தால் சாப்பாடு போவது அவர்களுக்குத்தான். கடைசியில் திட்டம் கடல் பக்கம் திரும்பியது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் எடுக்கலாம். அதற்கு மின்சாரம் எவ்வளவு, அந்தச் செலவு யாருடைய பில்லில் வரும், கரையோர மீனவருக்கு என்ன சொல்வது என்ற கேள்விகள் அதோடு சேர்ந்து வந்தன. 1950களிலேயே பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் கடல்நீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரலாம் என்று திட்டம் வைத்தார். அது இன்றுவரை முழுதாக நிறைவேறவில்லை. நல்ல வரைபடங்கள் எங்களிடம் எப்போதும் இருந்திருக்கின்றன. யாருடைய தண்ணீர், யாருடைய காசு என்று ஊரைக் கூட்டி வைத்துக் கதைக்கத் தெரிந்த பொறியியலாளர்தான் குறைவு.

கொழும்பையும் பாருங்கள். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்றமே தண்ணீரில் நின்றது. அதற்குப் பிறகு வாய்க்காலை மட்டும் அகலமாக்கிப் பலன் இல்லை, சுற்றியிருக்கும் சதுப்பு நிலம்தான் வெள்ளத்தைப் பிடித்து வைக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பற்றைக் காடு என்று நிரப்பிக்கொண்டு வந்த நிலத்துக்கு ஒரு விலை வந்தது. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. நிரப்பாதே என்று ஒரு அமைச்சரவையை நம்பவைக்க நீரியல் கணக்குத் தெரிந்தவர் வேண்டும். அதுதான் உங்களுக்கு உள்ள வேலை. இறுதி ஆண்டு ஆய்வுக்குப் பாலம், தூண் என்று போகாமல் மாநகரக் குளங்களில் ஒன்றை எடுங்கள். ஆரியகுளமோ புல்லுக்குளமோ, எந்த வாய்க்கால் அதற்குள் வருகிறது, எது அடைபட்டிருக்கிறது, அடைபட்ட இடத்தில் யாருடைய கட்டடம் நிற்கிறது என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு மேற்பார்வையாளர் முகம் சுளித்தால் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள், குறிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கனடாவில் ஒரு நகர சபையில் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு மாத லீவில் வந்து ஊருக்கு ஏதாவது செய்ய விருப்பம். எங்கே தொடங்கலாம்?
– ரொறன்ரோ வாசகர் (சொந்த ஊர் சுன்னாகம்)

பதில்: உங்கள் சொந்தக் காணியில் தொடங்குங்கள். நக்கலாகச் சொல்லவில்லை. சுன்னாகத்தில் உங்கள் குடும்பத்து வளவு யார் பேரில் இருக்கிறது? ஐந்து சகோதரர், நாலு நாடு, ஒரு பழைய சீதன உறுதி, பூட்டிய வீடு, பற்றை பிடித்த கிணறு. அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமை இன்றும் இங்கே காணிச் சட்டம். பங்காளி தன் பங்கை விற்க வெளிக்கிட்டால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, 1947இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. பட்டினத்தின் நடுவிலும் இப்படிப் பூட்டிய வளவுகள் இருக்கின்றன. சபை அதில் றோட்டும் போட முடியாது, வாய்க்காலும் வெட்ட முடியாது, கையெழுத்து வைக்க ஆள் இல்லை. இடமில்லாமல் இளம் குடும்பங்கள் வயலையும் பள்ளத்தையும் நிரப்பி வீடு கட்டுகிறார்கள். உங்கள் குடும்பப் பங்கைத் தீர்த்துவிட்டு, எப்படித் தீர்த்தீர்கள், எவ்வளவு செலவானது என்று எழுதி வெளியிட்டாலே நூறு குடும்பத்துக்கு உதவும்.

மிச்ச நேரத்துக்கு: ஒன்ராறியோவில் நிலப் பயன்பாட்டு வலயத்தை மாற்ற முன் அறிவித்தல் கொடுத்து, பொதுக்கூட்டம் வைத்து, சனத்தைக் கேட்டுத்தான் செய்கிறீர்கள். இங்கேயும் அபிவிருத்தித் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வைக்கிறார்கள். வந்து பார்ப்பவர்தான் இல்லை, வந்தாலும் வரைபடம் விளங்காது. அந்த வரைபடத்தைச் சாதாரணத் தமிழில், உங்கள் ஒழுங்கை இது, இங்கே மூன்று மாடிக்கு மேல் கட்ட முடியாது என்று சொல்லிக்கொடுக்கும் ஒரு பின்னேர வகுப்பைச் சனசமூக நிலையத்தில் நடத்துங்கள். முப்பரிமாணப் படங்களும் மாதிரி நகரமும் கொண்டு வரவேண்டாம். அவை நிறைய வந்துவிட்டன.

கேள்வி: நான் பிரதேச சபை ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இருபது வருடமாகக் கட்டட அனுமதி வரைபடம் பார்க்கிறேன், இடத்துக்குப் போகிறேன். புதிதாக வரும் திட்டமிடலாளர்கள் எங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. நானும் இந்த வயதில் ஒரு முதுமாணி செய்தால்தான் மதிப்பார்களா?
– தொழில்நுட்ப உத்தியோகத்தர், வடமராட்சி

பதில்: தங்கச்சி, மதிப்புக்காகச் செய்யாதேயும். பதவி உயர்வுக்கு உதவும் என்றால் உம்முடைய சேவைப் பிரமாணக் குறிப்பை (பதவிக்கும் உயர்வுக்கும் என்ன தகுதி என்று சொல்லும் விதிகளை) முதலில் எடுத்துப் பாரும். சில பதவிகளுக்கு முதுமாணியால் ஒரு பிரயோசனமும் இல்லை, கைக்காசு மட்டும் போகும். மொறட்டுவைக்கு வார இறுதியில் இரவு பஸ்ஸில் போய் வருவது உடம்புக்கும் லேசில்லை.

ஆனால் உம்மிடம் இருப்பது அந்தப் புதியவர்களிடம் இல்லை. எந்த வரைபடத்தில் மலக்குழி ஒரு இடத்தில் காட்டப்பட்டு இன்னொரு இடத்தில் வெட்டப்பட்டது, எந்த வயலை அனுமதி எடுக்காமல் லோட் லோடாகக் கிரவல் கொட்டி நிரப்பினார்கள், எந்த மதகுக்கு மேலே கடை வந்தது என்று நீர் அறிவீர். 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெற்காணியை நிரப்ப ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்று அவர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். நிரப்பிய இடம் எது என்று உமக்குத் தெரியும். அதை வரைபடத்தில் ஏற்றத் தெரிந்தால் போதும். முதல் கேள்விக்கு எழுதிய அதே கியூ.ஜி.ஐ.எஸ்.தான், மூன்று மாத வகுப்பில் பிடித்துவிடலாம். இடம் பார்க்கப் போகும்போது கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, இருக்கும் இடத்தைக் குறித்து வையும். கோப்பில் போட முடியாததைக் கோப்பில் போட வேண்டாம், உம்முடைய வேலை முக்கியம்.

அடுத்த முறை திட்டமிடல் குழு உம்முடைய சபைக்கு வரும்போது, கூட்டத்தில் கை தூக்கிப் பேசாமல், முடிந்ததும் அவர்களில் ஆக இளையவரைக் கூப்பிட்டு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மதகைக் காட்டும். பெரியவர்கள் வரமாட்டார்கள், வெயில் என்பார்கள். இளையவர் வருவார், அறிக்கை எழுதப்போவதும் அவர்தான்.